டார்கெட் ஷூட்டிங்: ரைஃபிள், பெல்லட், தோட்டா, சைலென்சர் பற்றி சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரேஞ்சுக்கு (துப்பாக்கி சுடும் பயிற்சிக் கூடம்) புதிதாக வருகிறவர்களும் பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்களை அவர்கள் கேட்ட வாக்கிலேயே போட்டிருக்கிறோம். மேலிருந்து கீழாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தெரிந்ததாக வைத்துக்கொண்டே போகும்.

என் பொண்ணுக்கு 12 வயசு, ஷூட்டிங் கத்துக்கணும்னு அடம் பிடிக்கிறா. முதல்ல எந்த ரைஃபிள் வாங்கணும்?

எதையும் வாங்க வேண்டாம். முதல் ஆறு மாதம் கிளப் ரைஃபிள் போதும். எழும்பூர்ப் பக்கம் சென்னை ரைஃபிள் கிளப் இருக்கிறது. வேளச்சேரியில் குருநானக் கல்லூரி வளாகத்தில் ரேஞ்ச் இருக்கிறது, 2024 ஜனவரி கேலோ இந்தியா இளையோர் போட்டியின் துப்பாக்கி சுடுதல் அங்கேதான் நடந்தது. தனியார் அகாடமிகளும் உண்டு. எங்கே சேர்ந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, "கிளப் ரைஃபிள் வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு நேரம் கிடைக்கும்?" என்பதைத்தான். கட்டணத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

காரணம் எளிது. 12 வயதில் வாங்கும் ரைஃபிளின் பட் (தோளில் பதியும் பின்பகுதி) நீளமும் கன்னம் சாய்க்கும் கன்னப்பலகையின் உயரமும் ஒரு வருடத்தில் பொருந்தாமல் போகும். பிள்ளைக்கு ரைஃபிள் பிடிக்கிறதா பிஸ்டல் பிடிக்கிறதா என்பதும் சில மாதம் போனால்தான் தெரியும். அதுவரை வாங்கித் தரலாம் என்று தோன்றினால் சரியான ஷூட்டிங் ஷூ, ஒரு டப்பா பெல்லட் (ஏர் ரைஃபிளில் போடும் ஈயக் குண்டு), இடுப்பளவுக்கு ஒரு ஸ்டாண்ட் போதும்.

ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேணுமா வேண்டாமா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டரைத் தாண்டாமலும் பெல்லட் வெளியேறும் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டாமலும் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. 10 மீட்டர் போட்டி ரைஃபிளில் 0.53 கிராம் பெல்லட் விநாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் போகும். கணக்குப் போட்டால் 7.7 ஜூல் அளவில்தான் வரும், எல்லைக்கு வெகு கீழே. வாங்கும்போது கடையில் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். பில்லின் நகலையும் ஆற்றல் அளவு எழுதிய தயாரிப்பாளர் தாளையும் ரைஃபிள் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். வழியில் காவல்துறை கேட்டால் அந்த இரண்டு தாள்தான் பேசும்.

குழப்பம் வருவது 5.5 மில்லிமீட்டர் ஏர் ரைஃபிளால். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் விட்டம் எல்லையைத் தாண்டிவிட்டதால் அதற்கு லைசென்ஸ் வேண்டும். 10 மீட்டர் போட்டியில் அது செல்லவும் செல்லாது.

ரைஃபிளா, பிஸ்டலா?

பிள்ளையைத் தீர்மானிக்க விடுங்கள். நிதானமாக ஒரே நிலையில் நிற்கப் பிடித்தால் ரைஃபிள். பிஸ்டலுக்கு உடை, ஜாக்கெட் செலவு கிடையாது, ஆனால் ஒரு கையால் பிடித்துச் சுட வேண்டும், ட்ரிகர் எடை (ட்ரிகரை இழுக்கத் தேவைப்படும் விசை) குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும். மெலிந்த மணிக்கட்டுக்கு முதல் வருடம் சிரமம்தான்.

சரி, ஆறு மாசம் ஆச்சு. இப்போ வாங்கணும். விலை அதிகமா இருந்தா துல்லியமும் அதிகமா?

ஒரு கட்டம் வரை ஆமாம். குழலை மடித்து லோடு செய்யும் ஸ்பிரிங் ரைஃபிளிலிருந்து அழுத்தக் காற்று நிரப்பும் ரைஃபிளுக்கு மாறும்போது வித்தியாசம் மலையளவு. ஸ்பிரிங் ரைஃபிள் பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே உதறும், அழுத்தக் காற்று அப்படி உதறாது. இந்தியாவில் பிரிசிஹோல் நிறுவனம் செய்யும் அழுத்தக் காற்று ரைஃபிளில் தொடங்கி மாவட்ட, மாநிலப் போட்டி வரை தாராளமாகப் போகலாம். அதற்கு மேல் ஃபைன்வெர்க்பாவ், வால்தர், அன்ஷுட்ஸ், ஸ்டெயர் என்று இறக்குமதி ரகங்கள், விலை லட்சங்களில். இவை நான்கையும் இடுக்கியில் கட்டிச் சுட்டால் எதுவும் எதற்கும் சளைத்ததல்ல. அந்த விலையில் நீங்கள் வாங்குவது துல்லியத்தைவிட உடம்புக்கு ஏற்ப மாற்றும் வசதியைத்தான்.

ஆகவே கடையில் பார்க்க வேண்டியது இது. சுடும் நிலையில் நின்று கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் வைத்து, கன்னத்தை இயல்பாகச் சாய்த்து, பிறகு கண்ணைத் திறக்கச் சொல்லுங்கள். பின் சைட்டின் (குறிபார்க்கும் கருவி) துளை நேராகக் கண்ணுக்கு முன்னால் இருந்தால் பொருத்தம். கழுத்தை நீட்டியோ கன்னத்தை அழுத்தியோ துளையைத் தேட வேண்டியிருந்தால் கன்னப்பலகையையும் பட் நீளத்தையும் மாற்றிப் பாருங்கள். மாற்றியும் வரவில்லை என்றால், எந்தப் பெயர் பொறித்திருந்தாலும் அந்த ரைஃபிள் உங்களுக்கானது அல்ல.

போட்டி விதிப்படி ரைஃபிளில் எதைக் கவனிக்கணும்?

10 மீட்டர் ரைஃபிள் 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. குழல் அமைப்பு மொத்தமும் 850 மில்லிமீட்டருக்குள். தொலைநோக்கி சைட் கிடையாது, துளை சைட் மட்டும்தான். பார்வைக் குறைபாட்டுக்கான லென்ஸ் அனுமதி. ட்ரிகருக்கு இந்தப் பிரிவில் குறைந்தபட்ச எடை இல்லை, ஆனால் செட் ட்ரிகர் (முன்கூட்டியே தயார் செய்து, லேசான தொடுதலில் விடுபடும் வகை) கூடாது. புதியவர்கள் 60 கிராமுக்கு இறக்கிவிட்டு, விரல் பட்டதும் வெடிக்கிறது என்று புலம்புவார்கள். 100 - 120 கிராமில் தொடங்குங்கள்.

சிறுவர்களுக்கு முழு எடை ரைஃபிள் வேண்டாம். நாலு கிலோவுக்குக் கீழே போதும். கனமாக இருந்தால் இடுப்பைப் பின்னால் வளைத்துத் தாங்குவார்கள், முதுகு வலி அங்கேதான் ஆரம்பிக்கும்.

பெல்லட் டப்பாவில 4.49, 4.50, 4.51-னு போட்டிருக்கு. நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் என்ன பெரிசா பண்ணிடப் போகுது?

பண்ணும். இலக்கின் நடுப்புள்ளி வெறும் 0.5 மில்லிமீட்டர். பெல்லட்டின் நடு, இலக்கின் நடுவிலிருந்து 2.5 மில்லிமீட்டர் தள்ளி விழுந்தால் 10.0, கால் மில்லிமீட்டருக்குள் விழுந்தால் 10.9. அதாவது ஒவ்வொரு கால் மில்லிமீட்டருக்கும் 0.1 புள்ளி. ரைஃபிள் தகுதிச்சுற்று தசமத்தில்தான் கணக்கு, 60 ஷாட்டுக்கு உச்சம் 654.0. பெல்லட்டே ஒரு மில்லிமீட்டர் சிதறினால், நீங்கள் தவறே செய்யாமல் ஒவ்வொரு ஷாட்டிலும் புள்ளி கசியும்.

டப்பாவில் போட்டிருக்கும் எண் பெல்லட்டின் தலை அளவு, குழலின் உள்வரிப் பள்ளங்களோடு பொருந்துவதற்காக. சிறியதானால் காற்று கசிந்து வேகம் ஏற்ற இறக்கமாகும், பெரியதானால் உள்ளே தள்ளும்போதே ஈயம் நசுங்கும். எந்தக் குழலுக்கு எது என்பதை வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஒரே மாடல் ரைஃபிள் இரண்டு, ஒன்று 4.49 கேட்கும், இன்னொன்று 4.50 கேட்கும்.

அப்போ எனக்கு எது சரின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10, ஹெச் அண்ட் என் ஃபினாலே மேட்ச், ஜே.எஸ்.பி., க்யூஒய்எஸ் ஆகியவற்றில் இரண்டு மூன்று ரகம், ஒவ்வொன்றிலும் இரண்டு தலை அளவு, சிறிய அளவில் வாங்குங்கள். கிளப்பில் மற்றவர்களிடம் இருபது முப்பது பெல்லட் கைமாற்று கேட்டாலும் கொடுப்பார்கள். ரைஃபிளை இடுக்கியில் கட்டி, அல்லது மணல் மூட்டைமேல் உறுதியாக வைத்து, ஒவ்வொரு ரகத்துக்கும் புது காகித இலக்கில் பத்து ஷாட். சுடுவதற்கு முன் அந்த ரகத்தில் ஐந்து ஷாட் வீணாக்கிவிடுங்கள், குழலில் பழைய ஈயப் படிவம் மாற வேண்டும்.

துளைக் கூட்டத்தின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை காலிப்பரால் அளந்து, 4.5-ஐக் கழியுங்கள். 2 மில்லிமீட்டருக்குள் வந்தால் மிக நல்லது, 3-ஐத் தாண்டினால் வேறு ரகம் தேடுங்கள். ஒரு தடவை பார்த்து முடிவெடுக்காதீர்கள். முதல் இரண்டு இடம் வந்த ரகங்களை இன்னொரு நாள் மீண்டும் சுட்டுப் பாருங்கள். தேர்ந்த பிறகு அதே தொகுதி எண் உள்ள டப்பாக்களாக வாங்குங்கள். ஒரு டப்பாவில் 500. வாரம் மூன்று நாள், நாளுக்கு 80 ஷாட் என்றால் இரண்டு வாரத்தில் ஒரு டப்பா தீரும். வருடத்துக்கு எத்தனை என்று கணக்குப் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள்.

பெல்லட் மேல வெள்ளையா மாவு மாதிரி பூத்திருக்கு. சுடலாமா?

போட்டிக்கு வேண்டாம். கடல் காற்றும் ஈரமும் ஈயத்தின் மேல் படிய வைக்கும் பூஞ்சணம் போன்ற படலம் அது. எடையையும் மாற்றும், குழலிலும் சேரும். ஐப்பசி கார்த்திகையில் சென்னையில் திறந்து வைத்த டப்பாவில் இது சீக்கிரம் வரும். டப்பாவை மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட காற்றுப்புகாத டப்பாவுக்குள் வையுங்கள். கடைக்காரர் வெகுநாள் அலமாரியில் வைத்திருந்த சரக்கு என்றால் வாங்கும்போதே மூடியைத் திறந்து பார்ப்பது உத்தமம்.

அந்த வெள்ளைத் தூள் ஈயச் சேர்மம். பெல்லட்டைத் தொட்ட கையோடு வடை பஜ்ஜி சாப்பிடக் கூடாது, சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே. பெல்லட்டை வாயில் கவ்விக்கொண்டு லோடு செய்யும் பழக்கம் சிலருக்கு உண்டு. பிள்ளைகளிடம் பார்த்தால் அன்றே நிறுத்துங்கள்.

ரைஃபிளோட காற்று சிலிண்டரை எங்கே நிரப்புறது? கைப்பம்பு வாங்கினா போதுமா?

கிளப்பிலோ அகாடமியிலோ பெரிய தொட்டியிலிருந்து நிரப்புவதே நல்லது. ரைஃபிள் சிலிண்டர் பொதுவாக 200 பார். வால்வை மெதுவாகத் திறங்கள். அவசரமாக நிரப்பினால் காற்று சூடாகும், 200 காட்டிய முள் வீட்டுக்குப் போகும்போது 180-க்கு இறங்கியிருக்கும்.

கைப்பம்பில் சென்னையின் சிக்கல் ஈரம். பம்பு உறிஞ்சும் காற்றில் நீராவி இருக்கிறது, அழுத்தினால் அது நீராகி உள்ளே போகும். ஐந்து நிமிடம் அடித்தபின் கழிவுத் திருகைத் திறந்து முன்னால் உள்ளங்கையைக் காட்டுங்கள், ஈரப்பொட்டு தெறிக்கும். அந்த நீர் சிலிண்டருக்குள் போனால் ரெகுலேட்டரில் (ஒவ்வொரு ஷாட்டுக்கும் காற்றழுத்தத்தைச் சீராக்கும் பாகம்) துரு. உலர்த்தும் வடிகட்டி இல்லாத பம்பை வாங்காதீர்கள், வடிகட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகள் நிறம் மாறியதும் அவற்றை மாற்றுங்கள், ஐம்பது அடிக்கு ஒரு முறை இடைவெளி விட்டுக் கழிவைத் திறங்கள்.

இரண்டு விஷயம் கண்டிப்பு. ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து ஒருபோதும் நிரப்பக் கூடாது, வெடிக்கும். நிரப்பும் முனையில் சாதாரண எண்ணெய், கிரீஸ் தடவக் கூடாது, அதே காரணம். சிலிண்டரில் தயாரிப்பு தேதி பொறித்திருக்கும். பத்து ஆண்டு கடந்ததைப் போட்டியில் உபகரணச் சோதனையில் நிறுத்திவிடுவார்கள், பயன்படுத்துவதும் ஆபத்து. பழைய ரைஃபிள் வாங்குகிறவர்கள் முதலில் இந்தத் தேதியைப் பாருங்கள். புது சிலிண்டர் விலையைக் கழித்துப் பேரம் பேசலாம்.

நல்லா சுட்டுக்கிட்டு இருந்தேன், திடீர்னு ஷாட் எல்லாம் கீழே இறங்குது. ரைஃபிள் போச்சா?

அநேகமாகக் காற்று தீர்ந்திருக்கும். ரெகுலேட்டர் வேலை செய்யும் அழுத்தத்துக்குக் கீழே போனதும் வேகம் குறைந்து ஷாட் கீழே விழும். முள் சிவப்புப் பகுதிக்கு வருவதற்கு முன்பே நிரப்புங்கள். போட்டி நாளில் பாதி சிலிண்டரோடு களமிறங்கவே கூடாது.

காற்று இருந்தும் இறங்கினால் வரிசையாகப் பாருங்கள். முதலில் சைட் திருகு, பிறகு குழலைப் பிடிக்கும் திருகு, பிறகு புதிதாகத் திறந்த பெல்லட் டப்பாவின் தொகுதி எண். எல்லாம் சரி என்றால் இடுக்கியில் கட்டிப் பத்து ஷாட். அங்கே ஒன்றாக விழுந்தால் கோளாறு ரைஃபிளில் இல்லை. பெரும்பாலும் இடது தோள் தளர்ந்திருக்கும்.

ஏர் ரைஃபிளுக்கு சைலென்சர் போடலாமா? அபார்ட்மெண்ட்ல சத்தம்னு பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வர்றார்.

வேண்டாம். துப்பாக்கியின் சத்தத்தையோ தீப்பொறியையோ குறைக்க வடிவமைத்த துணைக்கருவியை ஆயுத விதிகள் தடைசெய்யப்பட்ட முதல் வகையில் வைத்திருக்கின்றன. அதை வாங்குவதும் வைத்திருப்பதும் வழக்கு. இணையத்தில் "சால்வென்ட் டிராப்", "ஃபில்டர் குழாய்" என்று வேறு பெயரில் விற்பதை வரவழைத்தாலும் அதுவே. போட்டி விதிகளும் அனுமதிக்காது. குழல் முனையில் உதைப்பைக் குறைக்க மாட்டும் கம்பன்சேட்டருக்கும் மசில் பிரேக்குக்கும்கூட அங்கே இடமில்லை.

நல்ல மேட்ச் ரைஃபிளின் முன்னால் நீண்டிருக்கும் துளையிட்ட குழாயைப் பார்த்து இது என்ன என்று கேட்கிறார்கள். முன் சைட்டைத் தள்ளி வைத்து இரு சைட்டுகளுக்கிடையே தூரத்தைக் கூட்டவும், பெல்லட்டின் பின்னால் வரும் காற்றைப் பக்கவாட்டில் விலக்கிப் பெல்லட் ஆடாமல் போகவும் அது. மேலே சொன்ன 850 மில்லிமீட்டருக்குள் இதுவும் அடங்க வேண்டும்.

அபார்ட்மெண்ட் சத்தத்துக்கு வருவோம். சண்டை மூட்டுவது பெரும்பாலும் குழல் சத்தம் அல்ல, பெல்லட் தகட்டில் மோதும் டங்கென்ற சத்தம். இலக்குக்குப் பின்னால் பெல்லட்டைப் பிடிக்கும் பெட்டியின் பின்புறத்தை இரண்டு அங்குலம் களிமண் போன்ற பட்டியால் (putty) நிரப்பி, பெட்டியைச் சுவரில் ஆணி அடிக்காமல் கனமான ஸ்டாண்டில் ரப்பர் பாய்மேல் வையுங்கள். பெட்டிக்குப் பின்னால் கனமான பலகை ஒன்று, வழியில் உள்ள கதவுகள் தாளிட்டு. இதெல்லாம் முடியாவிட்டால் வீட்டில் சுடாமல் வெறும் பயிற்சி செய்யுங்கள். காலி ரைஃபிளை ட்ரை நிலையில் (ட்ரிகர் மட்டும் இயங்கும், எதுவும் சுடாது) வைத்து, சுவரில் ஒட்டிய கரும்புள்ளியில் அரைமணி நேரம் குறிபார்த்து ட்ரிகர் இழுப்பது, சில நாள்களில் 60 பெல்லட் சுடுவதைவிட அதிகப் பலன் தரும்.

வெயில்காலத்துல ரைஃபிள் சுடுறவங்க போடுற அந்தக் கனமான ஜாக்கெட்டைப் போட முடியலையே, கட்டாயமா?

கட்டாயம் இல்லை, ஆனால் போட்டிருப்பவரோடு மோத முடியாது. துணியின் ஒற்றை அடுக்கு 2.5 மில்லிமீட்டர் தடிமனுக்குள் இருக்க வேண்டும், மடங்கும் தன்மையும் சோதிப்பார்கள். வியர்வை ஊறினால் கேன்வாஸ் தளர்ந்து பொருத்தம் மாறும். உள்ளே பருத்தி பனியன், ஒவ்வொரு பயிற்சிக்கும் பிறகு நிழலில் தொங்கவிட்டுக் காயவைத்தல். பையில் சுருட்டி வைத்தால் சென்னையில் ஒரு வாரத்தில் பூஞ்சை. கோடையில் ஏசி இல்லாத ரேஞ்ச் என்றால் காலை ஏழு மணிக்கு வாருங்கள், வேறு வழி இல்லை.

அடுத்து பாயிண்ட் 22 ரைஃபிள். அதுக்கு எங்கே ஆரம்பிக்கணும்?

பாயிண்ட் 22 என்பது 0.22 அங்குல விட்டமுள்ள, வெடிமருந்துத் தோட்டா போடும் ரைஃபிள். இது லைசென்ஸ் ஆயுதம். கிளப்பின் ஆயுதத்தில், கிளப்பின் தோட்டாவில், பயிற்சியாளர் கண்முன்னால் சுடலாம், சொந்தமாக வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். சென்னை மாநகரில் விண்ணப்பம் காவல் ஆணையரிடம், மற்ற மாவட்டங்களில் ஆட்சியரிடம். கிளப் உறுப்பினர் அட்டை, மாநில சங்கம் வழியாகத் தேசிய ரைஃபிள் சங்கப் பதிவு, போட்டி மதிப்பெண் சான்றிதழ்கள், பாதுகாப்புப் பயிற்சிச் சான்று எல்லாம் கையிலிருந்தால் விண்ணப்பம் நகரும். 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் ஐந்தாண்டு செல்லும். தேர்தல் நடத்தை விதி வந்தால் ஆயுதத்தை ஒப்படைக்கச் சொல்வார்கள். போட்டி இருந்தால் சங்கத்தின் கடிதத்தோடு விலக்குக் கேட்டு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024-ல் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டி இந்தத் தோட்டாவில்தான். அதைப் பார்த்து நேராக இங்கே வர நினைப்பவர்களுக்கு: கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அளவில் சுடுவது 10 மீட்டரில். இரண்டு வருடம் ஏர் ரைஃபிளில் நின்று பாருங்கள்.

பாயிண்ட் 22-ல வேகமான தோட்டா நல்லதுதானே?

இலக்குக்கு இல்லை. மேட்ச் தோட்டா விநாடிக்கு 320 - 330 மீட்டர் வேகத்தில் போகும், வேண்டுமென்றே ஒலிக்கு மெதுவாக. சென்னை வெயிலில் 30 டிகிரியில் ஒலியின் வேகம் சுமார் 349 மீட்டர். ஹை வெலாசிட்டி தோட்டா 380-ல் கிளம்பி, 50 மீட்டருக்குள் ஒலி வேகத்தை ஒட்டி இறங்கும்போது அதிர்ந்து சிதறும். ஈலி டெனெக்ஸ், ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்50, லாபுவா சென்டர் எக்ஸ் போன்ற மேட்ச் தோட்டா ரகங்கள் மெதுவானவையே. பயிற்சிக்கு புனேயில் உள்ள கட்கி வெடிமருந்து ஆலையின் கே.எஃப். தோட்டா ஓடும், போட்டிக்கு அதை நம்ப முடியாது.

தேர்வு முறை பெல்லட்டுக்குச் சொன்னதுதான், 50 மீட்டரில், ஒரே நாளில், காற்று ஓய்ந்த காலையில். இங்கே தொகுதி எண் இன்னும் முக்கியம். ஒரே பெயர், வேறு தொகுதி, வேறு குரூப் (துளைகள் கூடும் அளவு). தோட்டாவில் மெழுகு பூசியிருப்பதால் தரையில் விழுந்ததை மணலோடு குழலுக்குள் அனுப்பாதீர்கள். மெதுவான தோட்டாவானாலும் பாயிண்ட் 22 சத்தம் காதைக் கெடுக்கும். காதுக்கு அடைப்பானும் அதன்மேல் மூடியும். சைலென்சர் பேச்சு இங்கேயும் எடுபடாது.

யூட்யூப்ல ஆயிரம் மீட்டர் சுடுறாங்களே, அந்த மாதிரி ரைஃபிள் வாங்கலாமா?

7.62, .303 போன்ற ராணுவத் தோட்டா போடும் ரைஃபிள்கள் தடைசெய்யப்பட்ட வகை. சாதாரண லைசென்ஸில் கிடைக்காது. அந்தத் தூரத்துக்குச் சுடப் பொது ரேஞ்சும் இங்கே இல்லை.

பயிற்சிக்கு மெட்ரோவுல ரைஃபிளைத் தூக்கிட்டுப் போகலாமா? போட்டிக்கு விமானம்?

மெட்ரோவை நம்பிப் புறப்படாதீர்கள். பை சோதனையில் நிறுத்துவார்கள். ஆட்டோ, கார், டூவீலர் என்றால் பூட்டிய பெட்டியில், பெல்லட் தனியாக, மேலே சொன்ன பில்லோடு.

விமானத்துக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவித்து, கவுன்ட்டரில் சொல்லி, பதிவு செய்யும் சாமானாகக் கொடுங்கள். சிலிண்டரைக் கழற்றி முழுக்கக் காலியாக்கி, வால்வு திறந்திருக்க வேண்டும். போட்டியிடத்தில் நிரப்பிக்கொள்ளலாம். பாயிண்ட் 22 சுடுகிறவர்கள் கைப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஓரப்பைகளைத் தடவிப் பாருங்கள். மறந்து கிடக்கும் ஒரே ஒரு தோட்டா ஸ்கேனரில் தெரிந்தாலும் ஆயுதச் சட்டப்படி வழக்கு வரும். பயிற்சிப் பையையும் பயணப் பையையும் ஒன்றாக வைக்காமல் இருந்தால் அந்தப் பயமே இல்லை.